பத்து மணி நேரம் நிக்கணும்: தங்கச்சி கல்யாணத்துக்காக மினுமினுப்பு கிரீம் ஐஷேடோ டெஸ்ட் பண்ண கதை

மொத டெஸ்ட் நாலரை மணி நேரத்துலயே முடிஞ்சிருச்சு. காலைல 7:10க்கு வீட்ல போட்டேன், பட்டர்வொர்த்ல மோட்டர் பைக்கோட ஃபெரி ஏறி பினாங்குத் தீவுப் பக்கம் இறங்கி ஆபீஸ் போயி, 11:40க்கு டாய்லெட் கண்ணாடில பார்த்தா ரெண்டு இமை மடிப்புலயும் செம்புக் கலர்ல தடிச்சு ஒரு கோடு, அதுக்கு மேலயும் கீழயும் வெறும் தோல். டப்பா மேல 24 மணி நேரம்னு எழுதியிருக்கு.

சும்மா எனக்கு மட்டும்னா துடைச்சிட்டு வேலைய பார்த்திருப்பேன். ஆனா தங்கச்சி கல்யாணத்துக்கு அப்போ மூணு வாரம்தான் இருந்துச்சு, "வெளியாள் வேணாம்க்கா, நீயே போட்டு விடு"ன்னு அவ சொல்லிட்டா. முகூர்த்தம் காலைல 7:30லேர்ந்து 9 வரைக்கும், அப்படின்னா விடியக்காலை நாலு மணிக்கு நான் அவ கண்ணுல கை வைக்கணும், பந்தி முடிஞ்சு எல்லாரும் கெளம்பும்போது மதியம் ரெண்டு ஆயிரும். பத்து மணி நேரம், நடுவுல ஓமப் புகை, தாலி கட்டும்போது அழுகை, மண்டபத்துல ஃபேன் மட்டும்தான், ஏர்கான் இல்ல. பினாங்குல பகல்ல 31, 32 டிகிரி, ஈரப்பதம் 80 கிட்ட, அது உங்களுக்கே தெரியும். பவுடர் ஐஷேடோ நம்ம ஊர்ல அந்த நேரம் வரைக்கும் தாங்குறதே இல்ல, அதுவும் மினுக்கு பவுடர்னா கன்னத்துல எல்லாம் கொட்டும், அதனாலதான் கிரீம்னு முடிவு பண்ணேன்.

இந்த லாங்வேர், அதாவது ரொம்ப நேரம் நிக்கிற கிரீம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம்தான் எனக்கு வழி தெரிஞ்சுது, அத மொதல்ல சொல்லிர்றேன். நகப் பாலிஷ் மாதிரிதான். உள்ள ஒரு ஆவியாகுற திரவம் இருக்கும், பெட்டில ஐசோடோடெகேன்னு போட்டிருப்பாங்க, சிலதுல சைக்ளோபென்டாசிலாக்ஸேன்னு இருக்கும். கூடவே படலமா உறையிற சிலிக்கோன் பிசின், ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட்னு வாய்ல நுழையாத பேரு, அப்புறம் கொஞ்சம் மெழுகு, கலர், மினுக்கு. இமைல தடவுனதும் திரவம் ஆவியாப் போயிரும், அரை நிமிஷம் ஒரு நிமிஷத்துல பிசின் உறைஞ்சு கலரப் பிடிச்சுக்கும். உறையிற வரைக்கும் எங்க வேணாலும் இழுக்கலாம், உறைஞ்சதுக்கு அப்புறம் இழுத்தா கிழியும். கண்ணீர், வேர்வை ரெண்டும் தண்ணிதான், அதுக்கு இந்தப் படலம் அசையாது. எண்ணெய்க்குத்தான் அசையும். நான் கண்டுபிடிச்ச எல்லாத்துக்கும் அடி இந்த ஒரு விஷயம்தான்.

கடைல மூணு வடிவத்துல கிடைக்குது. டப்பால வர்றது, மேக்கோட பெயிண்ட் பாட் மாதிரி, மேபலின் கலர் டாட்டூவும் மொதல்ல சின்ன கண்ணாடி டப்பாலதான் வந்துச்சு. அப்புறம் லாரா மெர்சியர் கேவியர் ஸ்டிக் மாதிரி பென்சில் வடிவத்துல வர்றது. இன்னொன்னு லிப்கிளாஸ் மாதிரி குச்சி வெச்ச லிக்விட், ஸ்டிலாவோட கிளிட்டர் அண்ட் குளோ அந்த வகை. நான் டெஸ்ட் பண்ணது நாலு: செம்பு டப்பா, வெண்கல டப்பா, ஷாம்பேன் ஸ்டிக், ரோஸ்கோல்ட் லிக்விட். பிராண்ட் பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா என் இமைல நிக்காதது உங்க இமைல நிக்கலாம், அதுவுமில்லாம முக்கால்வாசி தப்பு என் கைலதான் இருந்துச்சுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

கடைல புறங்கைல தேய்ச்சுப் பார்த்துட்டு "ஐயோ சோப்புக்கே போகல"ன்னு சந்தோஷப்பட்டு வாங்காதீங்க. புறங்கைல இமை அளவுக்கு எண்ணெய் சுரக்காது, மடிப்பு கிடையாது. கண்ணு நிமிஷத்துக்கு 15, 20 தடவ இமைக்குது, உடம்புலயே மெல்லிசான தோல் அதுதான். அதனால எல்லா டெஸ்டும் கண்ணுலயே பண்ணேன், வலது கண்ணுக்கு ஒரு விதம் இடது கண்ணுக்கு இன்னொரு விதம், முடிஞ்ச வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மாத்தம் மட்டும். ஒரே நாள்ல ரெண்டு மாத்துனா எது காரணம்னு தெரியாமப் போயிரும்.

ரெண்டாவது நாள் அதே செம்பு டப்பா. வலது கண்ணுல மொத நாள் மாதிரியே தாராளமா ஒரே பூச்சு, இடது கண்ணுல மோதிர விரல்ல தொட்டு ரொம்ப மெல்லிசா ஒத்தி, ஒரு நிமிஷம் விட்டு, அதுக்கு மேல இன்னொரு மெல்லிசு. தீபாவளிக்கு முன்னாடி வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கும்போது அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு, மொத கோட் காயாம ரெண்டாவது கோட் ஏத்தாதன்னு, அதேதான் இங்கயும். தடியா போட்டா மேல்பக்கம் மட்டும் உறைஞ்சு உள்ள ஈரமாவே இருக்கும், கண்ணு திறந்து மூடும்போது அந்த ஈரம் மடிப்புக்குள்ள நகந்துரும். வலது கண்ணு மதியத்துக்குள்ள கோடாயிருச்சு. இடது கண்ணு சாயங்காலம் மூணு மணி வரைக்கும் தாங்குச்சு, அப்புறம்தான் மெதுவா பிரிய ஆரம்பிச்சுது. நல்ல முன்னேற்றம், ஆனா மூக்குப் பக்கம் இருக்கிற மூலைல மட்டும் காலைலயே காணாமப் போயிருந்துச்சு, அது ஏன்னு அன்னைக்குப் புரியல.

அடுத்த நாள் ஃபெரில நிக்கும்போது கடல் காத்து மூஞ்சில அடிக்குது, ஹெல்மெட்ட கழட்டி நெத்திய துடைக்கிறேன், கை வழுக்குது. வேர்வை மட்டும்னா அப்படி வழுக்காது. சன்ஸ்கிரீன்! தினமும் மூஞ்சி பூரா பூசுறேன், இமையும் சேத்துத்தான். சன்ஸ்கிரீன்ல வெயில தடுக்குற பொருள் நெறைய எண்ணெயிலதான் கரைஞ்சிருக்கும், அது மேல இந்த கிரீம போட்டா ரெண்டும் கலந்து படலம் ஒழுங்கா உறையவே உறையாது. நாலாவது நாள் இமைல சன்ஸ்கிரீன் பூசிட்டு பத்து நிமிஷம் விட்டு, டிஷ்யூவால ஒத்தி எடுத்து, தோல் கலர்லயே இருக்கிற கன்சீலர் ஒரு துளி தடவி, அதுக்கு மேல பவுடர் லேசா, அப்புறம் செம்பு மெல்லிசா ரெண்டு கோட். காலைல 7:05க்கு போட்டது, மத்தியானம் வெயில்ல சௌரஸ்தா மார்க்கெட் வரைக்கும் நடந்து போயி ஜெருக் (ஊற வெச்ச பழம்) வாங்கிட்டு வந்தேன், வேர்த்துக் கொட்டுச்சு, சாயங்காலம் 6:20க்கு வீட்டுக்கு வந்து கண்ணாடில பார்த்தா அப்படியே இருக்கு. 11 மணி நேரம். அதே டப்பா, மொத நாள் நாலரை மணி நேரத்துல கோடான அதே டப்பா! அன்னைக்கு நான் அம்மாவ கூப்பிட்டு லைட்டுக்குக் கீழ நிறுத்தி காட்டுன சந்தோஷத்த எழுத்துல சொல்ல முடியல.

மத்த மூணையும் இதே முறைல போட்டுப் பார்த்தேன். வெண்கல டப்பாவும் நின்னுச்சு, ஒம்போது மணி நேரத்துக்கு மேல லேசா மங்கல். ரோஸ்கோல்ட் லிக்விட்தான் எல்லாத்தையும் விட நல்லா ஒட்டுது, ஆனா அதுல மினுக்குத் துண்டு பெருசு, உறைஞ்சதுக்கு அப்புறம் இமை இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு, சாயங்காலம் ரெண்டு துண்டு கண்ணுக்குள்ள விழுந்து உறுத்துச்சு. கண்ணுல லென்ஸ் போடுறவங்க இந்த மாதிரி பெரிய கிளிட்டர் பக்கமே போகாதீங்க, நெசமா சொல்றேன். தங்கச்சி லென்ஸ் போடுறவ, அதனால அத அன்னைக்கே ஒதுக்கிட்டேன்.

ஷாம்பேன் ஸ்டிக் நல்லா நின்னுச்சு, ஆனா கலர்தான் பிரச்சனை. ஸ்டிக்ல பார்க்க முத்து மாதிரி அழகு, எங்க தோல்ல போட்டா சாம்பல் பூசுன மாதிரி ஆயிருது. இதுக்குக் காரணம் இருக்கு. மினுக்குங்கிறது மைக்காத் தகடு, பொடிப் பொடியா, அது மேல வேற ஒண்ண பூசியிருப்பாங்க. டைட்டானியம் டையாக்சைடு பூசுனா வெள்ளி, முத்து மாதிரி வெள்ளையா திருப்பி அடிக்கும், இரும்பு ஆக்சைடு பூசுனா வெண்கலம், செம்பு, பொன்னு. பெட்டில கலருக்குன்னு போடுற நம்பர்ல சி.ஐ. 77891னா டைட்டானியம், சி.ஐ. 77491னா செவப்பு இரும்பு ஆக்சைடு, 77492 மஞ்சள், 77499 கருப்பு. நம்ம நிறத்துக்கு இரும்புப் பக்கம் அதிகமா இருக்கிற ஷேடுதான் தோலுக்குள்ளேர்ந்தே வர்ற மாதிரி தெரியும். பெட்டிய படிச்சு மட்டும் கணக்குப் போட முடியாது, ரெண்டுமே இருக்கும், அளவு தெரியாது, அதனால ராத்திரி லைட்ட அணைச்சிட்டு போன் ஃபிளாஷ் போட்டு கண்ண மூடி ஒரு படம் எடுங்க, சாம்பல் அடிக்குதா இல்லயான்னு அதுல அப்பட்டமாத் தெரிஞ்சிரும். கல்யாண வீட்டு வீடியோ லைட்டும் அப்படித்தானே அடிக்கும். தங்கச்சி சீலை அரக்குச் சிவப்பு, அகலமான பொன் ஜரிகை, அதுக்கு செம்புதான்னு முடிவாச்சு.

இதுக்கு நடுவுல அம்மா ஒரு நாள் கதவோரம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க, "எனக்கும் கொஞ்சம் போட்டு விடுறியாம்மா, அன்னைக்கு"ன்னு கேட்டாங்க. அறுபத்து ரெண்டு வயசு, பொட்டு, மை, பவுடர், அதுக்கு மேல அவங்க மூஞ்சில நான் ஒண்ணும் பார்த்ததில்ல. கேட்டதே எனக்குப் பெருசு. அதனால அம்மா இமைக்குன்னு தனியா நாலு நாள் எடுத்துக்கிட்டேன்.

வயசான இமை வேற மாதிரி. தோல் தளர்ந்து மடிப்பு கீழ இறங்கியிருக்கும், கண்ண திறந்தா மேல் தோல் வந்து இமைய மூடிக்கும், மினுக்கு சுருக்கத்துக்குள்ள போயி உக்காந்து ஒவ்வொரு கோட்டையும் காட்டும். மொத நாள் இமை பூரா செம்பு போட்டேன், அழகா இல்ல, அம்மாவும் "என்னமோ மாதிரி இருக்கு"ன்னாங்க. அடுத்த நாள் மடிப்புல மினுக்கே வைக்காம மண் கலர் மேட் கிரீம் மட்டும், மினுக்கு வெண்கலம் இமையோட நடுவுல, இமை முடிக்கு ஒட்டி, ஒரு நிலக்கடல அளவு. மினுக்குத் துண்டு சின்னதா இருக்கிற டப்பாதான் இதுக்கு, பட்டுத்துணி மாதிரி ஒரு பளபளப்பு மட்டும் தெரியும். கீழ பார்க்கச் சொல்லி, கண்ண முழுசா மூடாம தாடைய தூக்கி ஒரு நிமிஷம். அம்மாவுக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது, அடுப்புல பருப்பு இருக்குன்னு எந்திரிச்சுட்டாங்க, அப்பவே மேல் தோல்ல அச்சு விழுந்திருச்சு. மறுபடி துடைச்சு மறுபடி போட்டோம்.

சரியா போட்டும் ரெண்டு மணி நேரத்துல கலைஞ்சுச்சு. ரெண்டு நாள் இதே கதை. எனக்கு நின்ன முறை, அதே டப்பா, அம்மா சன்ஸ்கிரீன் கூட போடுறதில்ல, ஏன் நிக்கலன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். மூணாவது நாள் காலைல அம்மா தல சீவுறத பார்த்துக்கிட்டு இருந்தேன். தேங்காண்ணெய உள்ளங்கைல ஊத்தி தலைல தேச்சு, மிச்சத்த ரெண்டு கைலயும் மூஞ்சில ஒரு இழுப்பு, நெத்தி, கண்ணு, கன்னம். நாப்பது வருஷப் பழக்கம், அவங்களுக்கே தெரியாம நடக்குது. நான் சின்னப்புள்ளைல எனக்கும் அப்படித்தான் இழுத்து விடுவாங்க. அன்னைக்கு மட்டும் எண்ணெய் வேணாம்மான்னு கெஞ்சி, இமைய பஞ்சுல மேக்கப் எடுக்கிற மைசெல்லர் வாட்டர் தொட்டு ரெண்டு தடவ துடைச்சு, அப்புறம் வெறும் தண்ணில ஒரு தடவ, காய விட்டு போட்டேன். காலைல எட்டுக்கு போட்டது ராத்திரி சாப்பாடு வரைக்கும் இருந்துச்சு.

அப்பதான் எனக்கு திக்குன்னு இன்னொன்னு தோணுச்சு. நலுங்கு! கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை, சித்தி, பெரியம்மான்னு அத்தன பேரும் தங்கச்சி தலைலயும் மூஞ்சிலயும் எண்ணெயும் மஞ்சளும் வெச்சு விடுவாங்க, குளிச்சாலும் இமை ஓரத்துல, புருவத்துக்குக் கீழ எண்ணெய் இருக்கத்தான் செய்யும். விடியக்காலை நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல நான் நேரா கிரீம போட்டிருந்தா ஓமம் வளக்குறதுக்கு முன்னாடியே கோடாயிருக்கும். அம்மாவோட எண்ணெய்ப் பழக்கம்தான் என்ன காப்பாத்துச்சு.

புகை டெஸ்டுக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போதும். வீடு பூரா போட்டுட்டு அப்பா சட்டிய தூக்கிக்கிட்டு வர்ற நேரத்துல நான் கிட்டக்கவே நின்னேன், கண்ணுல தண்ணி கொட்டுச்சு. கிரீம் அசையல, கீழ்க்கண்ணுல போட்டிருந்த மைதான் வழிஞ்சுது. அப்புறம் கண்ண கசக்குனேன், மூக்குப் பக்க மூலைல செம்பு போயிருச்சு. ரெண்டாவது நாள் அந்த மூலை ஏன் காலியாச்சுன்னு அப்பதான் வெளங்குச்சு, காத்துல கண்ணு கூசும்போது நான் அங்கதான் விரல் வைக்கிறேன். தண்ணி ஒண்ணும் செய்யாது, உரசல்தான் எடுக்கும். அதனால தங்கச்சி கைல டிஷ்யூவ நாலா மடிச்சு குடுத்து, கண்ணுக்குக் கீழ மட்டும் ஒத்தணும், இழுக்கக் கூடாதுன்னு பழக்கினேன், உக்கார வெச்சு அஞ்சாறு தடவ செய்யச் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது செம்பு டப்பா காஞ்சு போச்சு. மூடிய சரியா திருகாம மேஜை மேல வெச்சிருக்கேன், மேல ஃபேன் ராத்திரி பூரா ஓடியிருக்கு. ஓரமெல்லாம் சுருங்கி, நடுவுல வெடிப்பு, விரல்ல தொட்டா பொடியா வருது. இமைல உறைய வேண்டியது டப்பாலயே உறைஞ்சிருச்சு. மொதல்ல பதட்டத்துல ரெண்டு சொட்டு தண்ணி விட்டேன், செய்யாதீங்க, தண்ணி ஒட்டாம மேலயே நிக்கும், கலக்கவே கலக்காது, கண்ணுல போடுற பொருள்ல தண்ணி விட்டா கிருமியும் வளரும். டிஷ்யூவால உறிஞ்சி எடுத்துட்டு, மூடி போட்டு வெதுவெதுப்பான தண்ணிக் கிண்ணத்துல பத்து நிமிஷம் வெச்சேன், மெழுகு எளகுச்சு, ஆனா ஆறுனதும் திரும்ப கல்லாட்டம். போனது திரவம், அப்போ திரும்ப திரவத்தத்தான் குடுக்கணும். இங்லாட் டியூராலைன்னு ஒண்ணு இருக்கு, பவுடர லிக்விடா மாத்துறதுக்கு விக்கிறது, அதுல முக்கியமா இருக்கிறதே ஐசோடோடெகேன்தான். தோழி கிட்ட இருந்துச்சு, செபராங் ஜெயா வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தேன். சுத்தமான ஊசில கிளறி, ரெண்டு சொட்டு, மூடி வெச்சு ஒரு ராத்திரி, மறுநாள் இன்னொரு சொட்டு. புதுசு மாதிரி ஆகல, கொஞ்சம் தளர்வாத்தான் இருந்துச்சு, ஆனா உறைஞ்சுது, நின்னுச்சு. இருந்தாலும் தண்ணி பட்ட டப்பா, கல்யாணப் பொண்ணு கண்ணுக்கு எனக்கு மனசு வரல, அத என் கண்ணுக்கு வெச்சுக்கிட்டு தங்கச்சிக்கு அதே ஷேடுல புதுசு ஒண்ணு நாப்பது வெள்ளி (ரிங்கிட்) குடுத்து எடுத்தேன்.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, பெட்டில என்.ஓ.டி. (NOT)ன்னு ஆரம்பிச்சு கே. (K)ன்னு முடியிற நம்பர், நம்ம மலேசியாவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு என்.பி.ஆர்.ஏ. கிட்ட பதிஞ்சதுக்கு அடையாளம், அந்த நம்பர அவங்க தளத்துலயே தட்டிப் பார்க்கலாம். பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தைல பத்து வெள்ளிக்கு விக்கிறது எதுலயும் நான் அத பார்க்கல, இமைக்குப் போடுற சாமான்ல அந்த ரிஸ்க் வேணாம். இன்னொன்னு சி.ஐ. 75470, அது கார்மைன், கோச்சினீல்ங்கிற பூச்சிலேர்ந்து எடுக்கிற செவப்பு, ரோஸ், ஒயின் கலர்ல அடிக்கடி இருக்கும். அம்மா தண்ணிமலை முருகனுக்கு விரதம் இருந்துக்கிட்டு இருந்தாங்க, அதனால அவங்களுக்கு எடுத்த வெண்கலத்துல அது இல்லன்னு பெட்டிய மூணு தடவ படிச்சு உறுதி பண்ணேன்.

கல்யாணத்தன்னைக்கு 4:05க்கு ஆரம்பிச்சேன். நெனச்ச மாதிரியே தங்கச்சி இமைய துடைச்ச மொத பஞ்சு மஞ்சளா வந்துச்சு, ரெண்டாவதும் லேசா மஞ்சள், மூணாவது சுத்தம். தண்ணில துடைச்சு, காய விட்டு, கன்சீலர், பவுடர், செம்பு ரெண்டு கோட், மடிப்புல மட்டும் கலர் இல்லாத பவுடர் ஒரு தொடல். ஃபேன அணைக்கச் சொல்லிட்டேன், காத்து அடிச்சா விரல்லயே உறைஞ்சு திட்டுத் திட்டா போகுது, வேர்த்தாலும் பரவால்ல. அம்மாவுக்கு 5:30. இந்தத் தடவ அம்மா ஒரு நிமிஷம் அசையாம இருந்தாங்க, கண்ணோரத்துல தண்ணி நிக்குது, அப்பவும் அசையல.

ஓமப் புகை நெனச்சத விட ஜாஸ்தி, காத்து எங்க பக்கமே அடிச்சுது. கெட்டிமேளம் கேட்டதும் தங்கச்சி அழுதா, டிஷ்யூவ ஒத்துனா, இழுக்கல. மதியம் 1:45க்கு வாழையிலைக்கு முன்னாடி உக்காந்தப்ப கிட்டப் போயி பார்த்தேன்: இடது கண்ணு அப்படியே, வலது கண்ணு வெளி ஓரத்துல மட்டும் அரிசி அளவு போயிருந்துச்சு, அங்க யாரோ கட்டிப்பிடிச்சப்ப சீலை உரசியிருக்கு. அம்மாவோடது முழுசா இருந்துச்சு. என்னோடது, அந்த ஒட்டுப்போட்ட டப்பா, ஒரு மணிக்கே மடிப்புல லேசா கோடு விட்டிருச்சு, டியூராலைன் ஒரு சொட்டு கூடிப் போச்சுன்னு நெனைக்கிறேன், அடுத்த தடவ ரெண்டோட நிறுத்திப் பார்க்கணும்.

ராத்திரி எடுக்கிறதுக்கும் பொறுமை வேணும். வெறும் தண்ணி, ஃபேஸ்வாஷ் எதுக்கும் வராது, தேச்சா இமைதான் செவக்கும். எண்ணெயும் தண்ணியுமா ரெண்டு அடுக்கா இருக்கிற ரிமூவர குலுக்கி பஞ்சுல நனைச்சு, மூடின கண்ணு மேல முப்பது எண்ணுற வரைக்கும் வெச்சு, அப்புறம் கீழ்ப்பக்கமா ஒரே வழிப்பு. தங்கச்சிக்கு அப்படி எடுத்தேன். அம்மா மட்டும் தேங்காண்ணெய் டப்பாவ எடுத்துட்டு வந்தாங்க, ஒரு சொட்டு இமைல வெச்சு மெதுவா சுத்துனதும் படலம் அப்படியே கரைஞ்சு வந்துருச்சு, மூணு வாரமா நான் பயந்துக்கிட்டு இருந்த அதே எண்ணெய். அப்புறம் ஃபேஸ்வாஷ் போட்டு கழுவிட்டாங்க.

வெண்கல டப்பாவ மூடிய இறுக்கித் திருகி, ஜிப் பைக்குள்ள போட்டு அம்மா அலமாரில வெச்சிருக்கேன், மூடி மேல திறந்த தேதியும் எழுதி. திறந்து 12 மாசம் வரைக்கும்னு பெட்டில டப்பாப் படம் போட்டிருக்கு, ஜூன்ல சித்தப்பா மகளுக்கு நிச்சயம்.